டார்வினைத் திகைக்க வைத்த பாறைகள்

ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்க்கும் சேறும் மணலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. காலப்போக்கில் அவை இறுகிப் பாறையாகின்றன. அடியில் இருக்கும் அடுக்கு பழையது. மேலே இருப்பது புதியது. சேற்றில் மடிந்து புதைந்த உயிரினங்களின் ஓடு, எலும்பு, கால்தடம் முதலியவை கல்லில் பதிந்துவிட்டால் அவை புதைபடிவங்கள் எனப்படுகின்றன.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நில இயலாளர்கள் இந்த அடுக்குகளை மேலிருந்து கீழாக ஆராய்ந்தார்கள். மேல் அடுக்குகளில் பாலூட்டிகளின் எலும்புகள் கிடைத்தன. அதற்குக் கீழே ஊர்வனவும் மீன்களும் கிடைத்தன. இன்னும் கீழே சிப்பிகளும் டிரைலோபைட்டுகளும் மட்டுமே இருந்தன. டிரைலோபைட் என்பது மலாய் மொழியில் பெலங்காஸ் எனப்படும் குதிரைலாட நண்டைத் தோற்றத்தில் ஓரளவு ஒத்த, கணுக்கால்களை உடைய கடல் விலங்கு. இன்று அவ்வினம் முற்றிலும் அழிந்துவிட்டது. அந்த அடுக்குக்கும் கீழே போனால் ஓர் ஓட்டுத் துண்டுகூடத் தென்படவில்லை. உயிரினங்களின் வரலாறு ஏதோ ஒரு நாள் காலையில் திடீரென்று தொடங்கியதுபோல் இருந்தது.

அந்தத் தொடக்கக் காலத்திற்குக் கேம்பிரியக் காலம் என்று பெயர். 1835ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டியவர் ஆடம் செட்ஜ்விக். அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் என்பதால் பலர் பல்கலைக்கழகத்தின் பெயரையே அவர் பாறைகளுக்கு வைத்துவிட்டதாக எண்ணுவதுண்டு. உண்மையில் கேம்பிரியா என்பது பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸ் நாட்டின் பழைய இலத்தீன் பெயர். அங்குள்ள பாறைகளைத்தான் அவர் ஆராய்ந்தார். 1831ஆம் ஆண்டில் வேல்ஸ் மலைகளுக்குச் சென்றபோது 22 வயது மாணவர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்று, பாறைகளைப் படிக்கும் முறையை அவருக்குக் கற்பித்தார். அந்த மாணவர்தான் சார்ல்ஸ் டார்வின். சில மாதங்களில் டார்வின் பீகிள் கப்பலில் உலகைச் சுற்றப் புறப்பட்டுவிட்டார்.

28 ஆண்டுகள் கழித்து, 1859இல், டார்வின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். உயிரினங்கள் சிறுசிறு மாற்றங்களால், தலைமுறை தலைமுறையாக, மிக மெதுவாக மாறிவருகின்றன என்பது அவர் கொள்கை. அப்படியானால் டிரைலோபைட் போன்ற சிக்கலான உடலமைப்புள்ள ஒரு விலங்கு உருவாவதற்கு முன்னால் நெடுங்காலம் எளிய விலங்குகள் பல வாழ்ந்திருக்க வேண்டும். அவற்றின் புதைபடிவங்கள் எங்கே?

இக்கேள்வியை எதிரிகள் எழுப்பும்வரை டார்வின் காத்திருக்கவில்லை. தம் நூலிலேயே அவர் அதை எழுப்பினார். இதற்குத் தம்மிடம் நிறைவான விடை இல்லை என்றும், தம் கொள்கைக்கு எதிரான வலுவான வாதமாக இதனை எடுத்துக்கொள்ளலாம் என்றும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஒரு புதிய கொள்கையை உலகின்முன் வைப்பவர் அதன் பலவீனத்தைத் தாமே சுட்டிக்காட்டுவது அரிது. அதே வேளையில், அவர் ஓர் ஊகத்தையும் முன்வைத்தார். பாறைகளின் பதிவு முழுமையற்றது. ஏடுகள் பல கிழிந்துபோன நூலைப் போன்றது. கேம்பிரியத்திற்கு முந்திய கடல்களிலும் உயிரினங்கள் நிறைந்திருந்திருக்க வேண்டும்; அவற்றின் தடயங்கள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் சிதைந்திருக்கலாம் அல்லது இன்னும் கண்டுபிடிக்கப்படாமல் இருக்கலாம் என்றார். அவர் 1882இல் மறையும்வரை அந்தத் தடயங்கள் அவர் கைக்கு வரவில்லை.

இன்றைய அறிவியல் அந்தத் திடீர்த் தோற்றத்தைக் கேம்பிரிய வெடிப்பு என்று அழைக்கிறது. வெடிப்பு என்றதும் பட்டாசு வெடிப்பதைப் போன்ற நொடிநேர நிகழ்ச்சியை மனம் கற்பனை செய்துகொள்கிறது. இங்கோ அது ஏறத்தாழ 20 மில்லியன் ஆண்டுகள் நீடித்த நிகழ்ச்சி. மனிதனுக்கு அது எண்ணிப் பார்க்க முடியாத காலம். பூமிக்கு அது மிகச் சிறிய காலம். பூமி தோன்றி ஏறத்தாழ 4,540 மில்லியன் ஆண்டுகள் ஆகின்றன. இந்த முழுக் காலத்தையும் நள்ளிரவு 12 மணியில் தொடங்கும் ஒரே நாளாகச் சுருக்கிப் பார்த்தால், காலை 5.30 மணிக்கெல்லாம் கடலில் நுண்ணுயிரிகள் வந்துவிடுகின்றன. அதன்பின் காலை, நண்பகல், மாலை என்று பொழுது நகர்ந்துகொண்டே இருக்கிறது. கண்ணால் காணத்தக்க விலங்கு ஒன்றுகூட இல்லை. இரவு 9 மணி 9 நிமிடத்திற்குக் கேம்பிரியக் காலம் பிறக்கிறது. அக்காலத்தில் ஏறத்தாழ ஆறு நிமிடங்களுக்குள் இன்றைய விலங்குலகின் பெரும்பிரிவுகளில் மிகப் பல தோன்றிவிடுகின்றன. டைனோசர்கள் வருவது இரவு 10.45 மணிக்கு மேல். மனிதன் வருவது நாள் முடிய ஆறு விநாடிகள் இருக்கும்போது.

டார்வின் தேடிய தடயங்களுள் ஒன்றை முதலில் கண்டவர்களில் ஒருவர் 15 வயதுப் பள்ளி மாணவி. 1956ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டுப் பகுதியில் டீனா நீகஸ் என்னும் அம்மாணவி ஒரு பாறையில் பெரணி இலையைப் போன்ற பதிவு ஒன்றைப் பார்த்தார். மறுநாள் பள்ளியில் ஆசிரியரிடம் அதைப் பற்றிக் கேட்டார். சார்ன்வுட் பாறைகள் கேம்பிரியத்திற்கும் முந்தியவை; அவற்றில் புதைபடிவம் இருக்கவே முடியாது என்பதே அவருக்குக் கிடைத்த பதில். அன்றைய பாடநூல்கள் அப்படித்தான் கூறின. ஆகவே, கண்ணெதிரே இருந்த ஒன்று இல்லாததாகவே கருதப்பட்டது.

அடுத்த ஆண்டு அதே பகுதிக்குப் பாறையேறப் பயிற்சி செய்யச் சென்ற ரோஜர் மேசன் என்னும் மாணவரின் கண்ணிலும் அப்பதிவு பட்டது. இம்முறை செய்தி பல்கலைக்கழக நில இயலாளரான டிரெவர் ஃபோர்டின் காதுக்கு எட்டியது. அவர் நேரில் வந்து பார்த்து வியந்தார். 1958இல் அந்த உயிரினத்திற்குச் சார்னியா என்று பெயரிட்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். சார்னியா இலையைப் போல் தோன்றினாலும் அது தாவரம் அன்று. வெளிச்சம் எட்டாத ஆழ்கடலின் தரையில் காம்பூன்றி நின்ற உயிரினம். மேசனும் பின்னாளில் நில இயலாளர் ஆனார். அவருக்கு முன்பே அதைக் கண்ட நீகஸின் பங்கும் இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1946இல், தென் ஆஸ்திரேலியாவின் எடியக்காரா குன்றுகளில் பழைய சுரங்கங்களைப் பார்வையிடச் சென்ற ரெஜ் ஸ்பிரிக் என்னும் நில இயலாளர் வட்ட வடிவப் பதிவுகளைக் கண்டெடுத்திருந்தார். அப்போது அவற்றைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சார்னியா கிடைத்த பிறகே இரண்டும் ஒரே யுகத்தைச் சேர்ந்தவை என்பது தெளிவாயிற்று. கேம்பிரியத்திற்கு உடனடியாக முந்திய காலம் இன்று எடியக்காரக் காலம் என்றே அழைக்கப்படுகிறது. முந்திய கடல்களில் உயிரினங்கள் இருந்திருக்க வேண்டும் என்ற டார்வினின் ஊகம் சரியாகிவிட்டது.

ஆனால், சிக்கல் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. எடியக்கார உயிரினங்களுள் பெரும்பாலானவற்றிற்கு வாயில்லை, கண்ணில்லை, காலில்லை. இலை, தட்டு, பை போன்ற வடிவங்களில் அவை கடல்தரையில் கிடந்தன. இவை விலங்குகள்தாமா என்பதே பல்லாண்டுகள் விவாதமாக இருந்தது. 2018ஆம் ஆண்டில் ஒரு முக்கியமான சான்று கிடைத்தது. ரஷ்யாவின் வெண்கடல் பகுதியில் கிடைத்த, ஏறத்தாழ 558 மில்லியன் ஆண்டுப் பழமையான டிக்கின்சோனியா என்னும் தட்டை வடிவ உயிரினத்தின் பதிவில் கொழுப்புப் பொருளின் எச்சம் ஒட்டியிருந்தது. அது கொலஸ்டிராலிலிருந்து வந்தது என்று வேதியியல் சோதனை காட்டியது. மருத்துவர்கள் அளவாக இருக்கட்டும் என்று எச்சரிக்கும் அதே கொலஸ்டிரால்தான். அது விலங்குகளின் உடலுக்கே உரிய அடையாளம். டிக்கின்சோனியா ஒரு விலங்கு என்பது இவ்வாறு உறுதிப்பட்டது. ஆனாலும், தட்டைப் போன்ற இந்த விலங்கிலிருந்து காலும் கண்ணும் ஓடும் கொண்ட டிரைலோபைட்டுக்கு எப்படிப் போவது? இடையில் இன்னும் பெரிய தூரம் இருந்தது.

அத்தூரத்தை இட்டு நிரப்பியவை அலங்காரமில்லாத சிறு தடயங்கள். கேம்பிரியக் காலம் தொடங்குவதை அறிவியலாளர்கள் எந்தப் பெரிய விலங்கைக் கொண்டும் குறிப்பதில்லை. ஒரு புழு துளைத்துச் சென்ற வளையைக் கொண்டே குறிக்கிறார்கள். கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடற்கரையில் உள்ள ஒரு பாறைச் சரிவே அதற்கான உலக அளவுகோல். எடியக்காரக் காலத்தில் புழுக்கள் கடல்தரையின் மேற்பரப்பில் ஊர்ந்ததோடு நிறுத்திக்கொண்டன. கேம்பிரியம் பிறக்கும்போது, அதாவது ஏறத்தாழ 539 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர், ஏதோ ஒரு விலங்கு சேற்றுக்குள் மேலும் கீழுமாகத் துளைத்துச் செல்லத் தொடங்கியது. அதன் உடல் கிடைக்கவில்லை. வழி மட்டும் கிடைத்தது. சேற்றைத் துளைக்க முன்புறம், பின்புறம் என்று உடலமைப்பு வேண்டும். தசை வலிமை வேண்டும். அடுத்து, மணல்மணி அளவேயுள்ள சிறு ஓடுகளும் முட்களும் தகடுகளும் பாறைகளில் குவியலாகத் தோன்றுகின்றன. டிரைலோபைட்டுகள் வருவது அதற்கும் பிறகு, ஏறத்தாழ 521 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர். டார்வினின் காலத்தினர் கண்ட முதல் வரி உண்மையில் கதையின் நடுப்பக்கத்தில் இருந்த வரி.

மலேசியாவிலும் இக்காலத்துப் பாறை உண்டு. லங்காவித் தீவில் கேபிள் காரில் ஏறி மச்சின்சாங் மலையுச்சிக்குச் செல்பவர்கள் காலடியில் மிதிப்பது கேம்பிரியக் கடலோரத்தில் படிந்த மணற்கல். தீபகற்ப மலேசியாவின் மிகப் பழைய பாறைகள் இவையே. ஆனால், அவை கேம்பிரியத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. அதற்குள் விலங்குலகின் முதல் பரபரப்பு அடங்கிவிட்டிருந்தது.

ஓடும் எலும்பும் எளிதில் கல்லாகும். தோலும் தசையும் கல்லாவது மிக அரிது. இறந்த புழு ஒன்று சில நாள்களில் அழுகி மறைந்துவிடும். ஆகவே, ஓட்டைத் தவிர வேறு எதையும் காட்டாத பாறைகளை வைத்துக்கொண்டு கேம்பிரியக் கடலின் வாழ்க்கையைக் கணிப்பது, ஒரு கடற்கரையில் ஒதுங்கிய சிப்பிகளை மட்டும் எண்ணிவிட்டு அந்தக் கடலில் மீனே இல்லை என்று முடிவு செய்வது போன்றது. மென்மையான உடல்களையும் காட்டும் பாறை ஒன்று தேவைப்பட்டது. அது 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், கனடாவின் ராக்கி மலைத்தொடரில் கிடைத்தது.

அதைக் கண்டவர் சார்ல்ஸ் வால்காட். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். குதிரையின் காலில் ஒரு கல் இடறியதால்தான் இந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது என்று சுவையான கதை ஒன்று நெடுங்காலம் வழங்கிவந்தது. அவருடைய நாட்குறிப்பு அக்கதைக்கு இடம் கொடுக்கவில்லை. பர்ஜஸ் களிப்பாறை என்று இன்று அழைக்கப்படும் அந்த இடத்தில், ஏறத்தாழ 508 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர், கடலடிச் செங்குத்துச் சரிவு ஒன்றின் அடியில் நுண்ணிய சேறு அவ்வப்போது திரண்டு பாய்ந்து உயிரினங்களை மூடியது. சேற்றுக்குள் உயிர்வளி குறைவு. அழுகவைக்கும் நுண்ணுயிரிகளும் பிணந்தின்னிகளும் நெருங்க முடியவில்லை. காலின் மயிர், குடலின் கோடு, கண்ணின் வட்டம் எல்லாம் கருமையான மெல்லிய படலமாகக் கல்லில் நிலைத்துவிட்டன.

வால்காட் பல கோடைக்காலங்களில் குடும்பத்துடன் அங்கே சென்று கூடாரம் அடித்துத் தங்கினார். 65,000க்கும் மேற்பட்ட புதைபடிவங்களைச் சேகரித்து வாஷிங்டனுக்குக் கொண்டுவந்தார். ஆனால், அவற்றை ஆழ்ந்து ஆராய அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. நிர்வாகப் பணிகள் அவரை விழுங்கிவிட்டன. அறிமுகமில்லாத ஒவ்வோர் உயிரினத்தையும் தமக்குத் தெரிந்த ஏதாவதொரு வகையில் சேர்த்து, இது ஒரு வகை இறால், இது ஒரு வகைப் புழு, இது ஒரு வகை இழுதுமீன் என்று பெயரிட்டு வைத்தார். 1927இல் அவர் மறைந்த பின்னர், அந்தக் கற்கள் பெரும்பாலும் அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில் தூங்கின.

வால்காட்டை இன்று குறைகூறுவது எளிது. முன்பின் கண்டிராத ஒன்றைக் காணும்போது, தெரிந்தவற்றுள் எதைப் போல் இருக்கிறது என்றுதான் எவருடைய மனமும் முதலில் தேடும். அந்தப் பழக்கத்திலிருந்து விடுபட, வேறொருவர் 40 ஆண்டுகளுக்குப் பிறகு அதே கற்களை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹாரி விட்டிங்டன். 1960களின் பிற்பகுதியில் அவர் பர்ஜஸ் பாறைகளை மீண்டும் ஆராயத் தொடங்கினார். பிறகு டெரெக் பிரிக்ஸ், சைமன் கான்வே மோரிஸ் என்னும் இரு மாணவர்களும் அவருடன் சேர்ந்தார்கள். அந்தப் பதிவுகள் பார்ப்பதற்குக் காகிதத்தில் வரைந்த படம்போல் தட்டையாகத் தெரிந்தாலும், உடலின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் மிக மெல்லிய அடுக்குகளாகப் பிரிந்திருப்பதை விட்டிங்டன் கவனித்தார். பல் மருத்துவரின் துளைக்கருவியைப் போன்ற சிறு கருவியால் மேலடுக்கை நீக்கினால் அடியில் மறைந்திருக்கும் உறுப்பைப் பார்க்கலாம். ஒவ்வொரு கல்லிலும் மாதக்கணக்கில் நீளும் வேலை அது. கை சற்றே தவறினால் 508 மில்லியன் ஆண்டுகளாகக் காப்பாற்றப்பட்ட ஓர் உறுப்பு தூளாகிவிடும்.

ஓபபீனியா என்னும் உயிரினத்தை அவர் இப்படித்தான் பிரித்துப் பார்த்தார். வால்காட் அதை இறால் வகையில் சேர்த்திருந்தார். இறால் வகை என்றால் தலைக்கு அடியில் கணுக்களுள்ள கால்களோ உணர்கொம்புகளோ இருக்க வேண்டும். விட்டிங்டன் கல்லைச் சீவிச் சீவிப் பார்த்தார். எதுவும் இல்லை. தலையின் முன்னால் யானையின் தும்பிக்கையைப் போன்ற நீண்ட குழாயும் அதன் நுனியில் ஓர் இடுக்கியும் இருந்தன. தலையின்மேல் இருந்த கண்கள் ஐந்து! 1972இல் ஆக்ஸ்போர்டில் நடந்த ஓர் அறிவியலாளர் கூட்டத்தில் இதன் படத்தை அவர் திரையில் காட்டியபோது அவையினர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். விட்டிங்டன் மிகக் கவனமாக உழைப்பவர்; அவருடைய படத்தில் பிழை இல்லை. தெரிந்த எந்த வகையிலும் அடங்காத விலங்குகள் கேம்பிரியக் கடலில் வாழ்ந்தன என்பதை அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு எல்லாரும் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அனோமலோகாரிஸின் கதை ஒரு துப்பறியும் கதை. 1892இல் ஒருவர் அதன் ஒரு பகுதியைக் கண்டு, தலையில்லாத இறால் என்று எழுதினார். வட்டமாக அடுக்கப்பட்ட தகடுகளைக் கொண்ட ஒரு பதிவை வால்காட் இழுதுமீன் என்றார். நடுவில் துளையிட்ட அன்னாசித் துண்டைப் போல அது இருந்தது. வேறொரு பதிவைக் கடல் அட்டை என்றார். ஒருநாள் விட்டிங்டன் ஒரு கல்லின் அடுக்கை நீக்கியபோது அந்த மூன்றும் ஒரே உடலில் ஒட்டிக்கொண்டிருந்தன. 'இறால்' என்றது இரையைப் பிடிக்கும் கை. 'இழுதுமீன்' என்றது வாய். 'கடல் அட்டை' என்றது உடல். அவரும் பிரிக்ஸும் 1985இல் இதை வெளியிட்டார்கள். பெரும்பாலான விலங்குகள் விரலளவே இருந்த அந்தக் கடலில், இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே மிகப் பெரிய வேட்டை விலங்குகள். ஆஸ்திரேலியாவின் கங்காருத் தீவில் கிடைத்த ஒரு கண்ணை 2011இல் ஆராய்ந்தபோது, ஒரே கண்ணில் 16,000க்கும் மேற்பட்ட வில்லைகள் இருப்பது தெரியவந்தது. இன்று வாழும் பூச்சிகளுள் கூர்மையான பார்வைக்குப் பெயர்பெற்ற தும்பியோடு ஒப்பிடத்தக்க கண் அது.

மாணவரான கான்வே மோரிஸ் 1977இல் ஆராய்ந்த உயிரினமோ கனவில் வருவதுபோல் இருந்ததால் அதற்கு அவர் ஹலூசிஜீனியா என்றே பெயர் வைத்தார். மனமயக்கத்தைக் குறிக்கும் சொல் அது. ஒரு பக்கம் இரட்டை வரிசையில் கூரிய முட்கள்; மறுபக்கம் ஒற்றை வரிசையில் மெல்லிய குழல்கள். முட்களை ஊன்றி நடந்தது என்றும் முதுகில் குழல்கள் அசைந்தாடின என்றும் அவர் எழுதினார். 14 ஆண்டுகள் கழித்து, சீனாவில் கிடைத்த உறவினங்களை ஒப்பிட்ட ராம்ஸ்கோல்ட், ஹூ சியான்குவாங் என்னும் இருவர் அவ்விலங்கைத் தலைகீழாகத் திருப்பினார்கள். குழல்கள்தாம் கால்கள், அவற்றின் மற்றொரு வரிசை கல்லுக்குள் மறைந்திருந்தது. முட்கள் முதுகில் நின்ற பாதுகாப்புக் கவசம். பிறகும் அதன் முன்புறம் எது, பின்புறம் எது என்ற ஐயம் தீரவில்லை. உருண்டையான ஒரு கரிய அடையாளத்தைத் தலை என்று எல்லாரும் கருதினார்கள். அது, உடல் நசுங்கியபோது பின்புறத்திலிருந்து கசிந்த திரவத்தின் கறை என்றும் உண்மையான தலை மறுமுனையில் இரு சிறு கண்களோடு இருக்கிறது என்றும் 2015இல் தான் தெரிந்தது. ஆக, மேல் கீழாகி, முன் பின்னாகி, 38 ஆண்டுகளுக்குப் பிறகே இந்தச் சிறிய விலங்கு சரியாக நிமிர்ந்து நின்றது.

ஹூ சியான்குவாங் ஆராய்ந்த சீனப் பாறைகள் யுன்னான் மாநிலத்துச் செங்சியாங் பகுதியில் உள்ளவை. 1984இல் அவர் அவற்றைக் கண்டறிந்தார். அவை பர்ஜஸ் பாறைகளைவிட ஏறத்தாழ 10 மில்லியன் ஆண்டுகள் மூத்தவை. அங்கே 1999இல் மீனைப் போன்ற இரு சிறு விலங்குகள் அறிவிக்கப்பட்டன. நீளம் 3 சென்டிமீட்டர் அளவே, தாடை இல்லை. ஆனால், தலை இருந்தது, செவுள்கள் இருந்தன, உடலில் வரிவரியாகத் தசைகள் இருந்தன. மீன், தவளை, பறவை, யானை, மனிதன் என முதுகெலும்புள்ள அனைத்தும் அடங்கும் பெரும் குடும்பத்தின் மிகப் பழைய உறுப்பினர்களுள் இவை அடங்கும். வேட்டை விலங்குகளின் கைக்கெட்டாமல் நழுவி நீந்திய இத்தகைய உயிரினங்கள் அப்போதே அழிந்திருந்தால், இப்பாடத்தைப் படிக்க ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

இவ்வளவும் அந்தக் காலத்தில் ஏன் நிகழ்ந்தது? அதற்கு முன்னர் 3,000 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேலாக நுண்ணுயிரிகளே கடலை ஆண்டன. ஒரே காரணத்தைச் சொல்லி முடிக்க விரும்புபவர்கள் இங்கே ஏமாற்றம் அடைவார்கள்.

கடல்நீரில் கரைந்திருந்த உயிர்வளி உயர்ந்தது ஒரு முக்கியக் காரணம் என்று பலர் கருதுகிறார்கள். தசைகளை அசைக்கவும் வேகமாக நீந்தவும் இரையைத் துரத்தவும் உயிர்வளி நிறைய வேண்டும். ஆனால், உயிர்வளி வாய்ப்பைத்தான் தரும். அதைப் பயன்படுத்திக்கொள்ள உடலுக்குள்ளும் ஆயத்தம் வேண்டும். தலை எங்கே, கால் எங்கே என்று கரு வளரும்போது கட்டளையிடும் மரபணுக்கள் பழ ஈக்கும் மனிதனுக்கும் பொதுவாக இருக்கின்றன. இரண்டும் பிரிவதற்கு முன்பே, அதாவது கேம்பிரிய வெடிப்புக்கு முன்னரே, அவை உருவாகியிருக்க வேண்டும். கருவிப்பெட்டி முன்பே ஆயத்தமாக இருந்தது. வேலை பின்னர் வந்தது.

அந்த வேலையைக் கொடுத்தது பசியாக இருக்கலாம். எடியக்காரக் காலத்தின் இறுதியில் குளோடினா என்னும் உயிரினம் குழல் வடிவ ஓட்டைக் கட்டிக்கொண்டது. ஓட்டைக் கட்டிக்கொண்ட மிகப் பழைய விலங்குகளுள் அது ஒன்று. சீனாவில் கிடைத்த அதன் ஓடுகள் சிலவற்றில் வட்டமான சிறு துளைகள் காணப்படுகின்றன. ஏதோ ஒரு வேட்டை விலங்கு அவற்றைத் துளைத்திருக்கிறது. ஒரு விலங்கு மற்றொரு விலங்கைத் தின்னத் தொடங்கிய பின் கடலின் அமைதி குலைந்துவிடுகிறது. இரைக்கு ஓடு தடிக்கிறது. வேட்டையாடும் விலங்குக்குத் தாடை வலுக்கிறது. ஒன்று மண்ணுக்குள் ஒளிகிறது. மற்றொன்று தோண்டக் கற்றுக்கொள்கிறது. கண் தோன்றியதும் இந்தப் போட்டி இன்னும் கடுமையாகிறது. பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஆண்ட்ரூ பார்க்கர், கண் தோன்றியதே வெடிப்புக்குக் காரணம் என்று 2003இல் ஒரு நூலில் வாதிட்டார். கண்ணின் பங்கை எவரும் மறுக்கவில்லை. ஆனால், மண்ணைத் துளைத்த புழுக்களும் சிறு ஓடுகளும், கண்ணுடைய டிரைலோபைட்டுகளுக்கு முன்பே வந்துவிட்டன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். காரணங்கள் ஒன்றையொன்று தூண்டிவிட்டன என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. புழுக்கள் சேற்றைத் துளைத்ததால் அதற்குள் நீரும் உயிர்வளியும் புகுந்தன. அதனால் சேற்றிலும் புதிய விலங்குகள் குடியேறின.

பர்ஜஸ் விலங்குகளைப் பற்றி அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1989இல் எழுதிய நூல் உலகெங்கும் பேசப்பட்டது. ஓபபீனியா போன்றவை இன்றைய விலங்குகள் எவற்றோடும் தொடர்பில்லாத தனிப் பெரும்பிரிவுகள் என்றும், எவை பிழைத்தன, எவை அழிந்தன என்பது பெரும்பாலும் தற்செயலே என்றும் அவர் வாதிட்டார். அவர் பெரிதும் பாராட்டிய கான்வே மோரிஸே பின்னர் அவரை எதிர்த்து எழுதினார். இன்றைய ஆய்வுகள் இந்த விசித்திர விலங்குகளுள் பலவற்றை வாழும் பிரிவுகளின் தூரத்து உறவினர்களாகவே காண்கின்றன. ஓபபீனியாவும் அனோமலோகாரிஸும் பூச்சிகளும் நண்டுகளும் அடங்கிய கணுக்காலிகளுக்கு நெருங்கியவை.

ஹலூசிஜீனியாவின் உறவினரைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதன் கால்நுனியில் உள்ள நகங்களை 2014இல் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய கிண்ணங்களைப்போல் பல அடுக்குகள் தெரிந்தன. இன்று வாழும் விலங்குகளுள் வெல்வெட் புழுக்களின் நகத்திலும் தாடையிலும் அதே அமைப்பு காணப்படுகிறது. விரல் நீளமுள்ள உடலும் குட்டையான பல கால்களும் கொண்ட அவ்வுயிரினம் கடலை விட்டுக் கரையேறி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. மலாயாத் தீபகற்பத்தின் மழைக்காடுகளிலும் அதன் இனம் ஒன்று உண்டு. பகலில் மட்கிய மரக்கட்டைகளுக்கு அடியிலும் ஈரமான சருகுகளுக்குள்ளும் மறைந்திருந்து, இரவில் வெளியே வந்து, பசைபோன்ற திரவத்தைப் பீய்ச்சிச் சிறு பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது.